தீவுகளில் எட்டு ஆண்டுகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை வெப்ப மண்டலம் என்று புவியியல் நூல்கள் கூறும். நம் தமிழகமும் அதற்குள் அடங்கியதே. ஆகவே கொளுத்தும் வெயிலும், கொட்டும் மழையும், எறும்பும், கொசுவும் நமக்குப் புதியன அல்ல. ஆனால் பனி பெய்யும் நாட்டில் பிறந்த ஒருவர் இம்மண்டலத்திற்கு வந்து ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தால், அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வியப்பு. ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. கடந்த நூற்றாண்டுகளில் இவ்வாறு வந்த ஐரோப்பியர் பலர். ஆள வந்தவர் உண்டு. வாணிபம் செய்ய வந்தவர் உண்டு. சமயம் பரப்ப வந்தவரும் உண்டு. வண்டும் வண்ணத்துப்பூச்சியும் பிடித்து, அவற்றை விற்றுப் பிழைக்க வந்த ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை எழுதுகிறேன்.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பது அவர் பெயர். விலங்கியல் மாணவர்களாகிய நாம் அப்பெயரை இரண்டு இடங்களில் படிக்கிறோம். ஒன்று, இயற்கைத் தேர்வுக் கொள்கை. மற்றொன்று, வாலஸ் கோடு. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அவ்வளவு போதும். ஆனால் அவர் 1869-இல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் பயண நூலை, ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தபோது, அந்த இரண்டு மதிப்பெண்களுக்குப் பின்னால் எத்தனை காய்ச்சல், எத்தனை கடற்பயணம், எத்தனை பேருடைய உழைப்பு இருக்கின்றன என்பது எனக்குப் புலனாயிற்று.

எரிந்த கப்பல்

வாலஸ் 1823-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். குடும்பத்தில் பணமுடை. அதனால் பதினான்கு வயதிலேயே அவருடைய பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது. அண்ணனுடன் சேர்ந்து நில அளவை வேலை பார்த்தார். சங்கிலி பிடித்து வயலும் மேடும் அளந்த அந்த நாட்களில்தான் செடிகொடிகளின்மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது. பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்னும் இளைஞரைச் சந்தித்தார். ஒரே ஊரைச் சுற்றி எத்தனை வகை வண்டுகள் வாழ்கின்றன என்பதைப் பேட்ஸ் காட்டியபோது வாலஸ் திகைத்துப்போனார்.

1848-இல் நண்பர்கள் இருவரும் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குப் புறப்பட்டனர். கையில் சொத்து இல்லை; பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. பிடித்த பூச்சிகளையும் பறவைகளையும் லண்டனுக்கு அனுப்ப வேண்டும்; சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்னும் முகவர் அவற்றைச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுப் பணம் அனுப்புவார். அந்தப் பணத்தில்தான் அடுத்த பயணம். நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட், 1851-இல் மஞ்சள் காய்ச்சலால் அங்கேயே மாண்டார். 1852 ஆகஸ்டில் வாலஸ் ஊர் திரும்பியபோது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றி எரிந்தது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு முழுவதும் சாம்பலாயிற்று. பத்து நாட்கள் திறந்த படகில் மிதந்த பிறகே வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. முகவர் ஸ்டீவன்ஸ் முன்யோசனையுடன் 200 பவுனுக்குக் காப்பீடு செய்திருந்ததால் வாலஸ் தெருவில் நிற்காமல் தப்பினார்.

வேறொருவராக இருந்தால் இனி வெப்ப நாடே வேண்டாம் என்றிருப்பார். வாலஸோ இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் அடுத்த பயணத்திற்கு மூட்டை கட்டினார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான். ஆதலால் எகிப்து நாட்டைத் தரைவழியாகக் கடந்து, மீண்டும் கப்பலேறி, இலங்கையின் காலித் துறைமுகம் வழியாக 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31.

மரத்தூளும் வண்டும்

சிங்கப்பூரில் புக்கிட் தீமா என்னும் குன்றுப் பகுதியில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாருடன் வாலஸ் தங்கினார். அக்காட்டில் புலிகள் உலவின. புலியைப் பிடிக்க வெட்டிய ஆழமான குழிகள் ஆங்காங்கே இலைதழையால் மூடப்பட்டுக் கிடந்தன. பூச்சி வலையைத் தூக்கிக்கொண்டு மேலே பார்த்தபடி நடப்பவருக்குப் புலியைவிடக் குழியே பெரிய ஆபத்து!

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகள் அவருக்குக் கிடைத்தன. பெரும்பாலும் அவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத ஒரே காட்டுத் துண்டில் பிடித்தவை. இது எப்படி இயன்றது? அங்கே சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வீழ்ந்த மரத்தையும், உரிந்த பட்டையையும், மரத்தூளையும் நாடி வண்டுகள் வருகின்றன. பட்டைக்குள் முட்டையிடுவதே அவற்றின் நோக்கம்; முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்களுக்கு அந்த மரமே உணவு. ஆகவே மரம் வெட்டுபவர்கள் அறியாமலேயே வாலஸுக்குப் பெரும் பொறியொன்றை அமைத்துக் கொடுத்திருந்தார்கள் எனலாம்.

இவ்வுண்மையை அறிந்துகொண்ட வாலஸ், அடுத்துப் போர்னியோத் தீவின் சரவாக் நாட்டிற்குச் சென்றபோது, நிலக்கரிச் சுரங்கத்திற்காகக் காடு அழிக்கப்பட்ட இடத்தையே தேடித் தங்கினார். அங்கிருந்த தயாக் பழங்குடியினருக்கும் சீனத் தொழிலாளருக்கும், கொண்டுவரும் பூச்சி ஒன்றுக்கு ஒரு செண்ட் வீதம் கொடுத்தார். போர்னியோவில் அவருக்குக் கிடைத்த வண்டு வகைகள் ஏறத்தாழ 2,000. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்தில் கிடைத்தவை.

அன்றாட வாழ்க்கை

வீரதீரச் செயல் என்றால் புலியோடு போராடுவதும் முதலையிடமிருந்து தப்புவதும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். வாலஸின் நூலில் அவற்றைவிட அதிகமாகப் பேசப்படுவது எறும்பு. பகலெல்லாம் பிடித்து, ஊசி குத்திக் காயவைத்த பூச்சிகளை இரவோடிரவாக எறும்புகள் தூக்கிச் சென்றுவிடும். ஆகவே மேசைக் கால்களைத் தண்ணீரில் நிற்க வைத்தார். நம் வீடுகளில் பலகாரப் பெட்டிக்குச் செய்யும் அதே உபாயந்தான்! எறும்பைத் தடுத்தால் ஈ வந்து பறவைத் தோலில் முட்டையிட்டது. ஈயைத் தடுத்தால் பசித்த நாய்கள் வந்தன. மழைக் காலத்தில் பூசணம் பிடித்தது. தோல் கெடாமலிருக்க ஆர்சனிக் என்னும் நஞ்சைத் தடவிப் பதப்படுத்த வேண்டும். வெயில் அடிக்கும் நேரம் பார்த்துக் காயவைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஊரும் நாளும் குறித்துச் சீட்டுக் கட்ட வேண்டும். விளக்கெரித்து இரவு வரை இந்த வேலை நடக்கும்.

உணவு இருக்கும் இடத்தில் இருக்கும். இல்லாத இடத்தில் இல்லை. டுரியான் பழத்தின் நாற்றம் முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. போர்னியோவில் மரத்தடியில் வீழ்ந்து கிடந்த பழுத்த பழத்தை வெட்டவெளியில் உண்டு பார்த்த பிறகு அதன் பெரும் இரசிகராகிவிட்டார். கிழக்குத் தீவுகளில் சோற்றுக்குப் பதிலாக சாகோ உண்டார். நம் சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யப்படுகிறது. ஆனால் அசல் சாகோ என்பது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. ஒரு நல்ல மரத்திலிருந்து 600 பவுண்டு எடையுள்ள 1,800 அடைகள் சுடலாம் என்றும், அது ஒரு மனிதனுக்கு ஓராண்டு உணவாகும் என்றும் வாலஸ் கணக்கிட்டார். நில அளவைக்காரரின் புத்தி அவரை விட்டுப் போகவில்லை.

இவ்வளவுக்கும் மேலாக அவரைக் காப்பாற்றியது மொழி. தீவுக்குத் தீவு மொழி மாறினாலும், வணிகர்கள் அனைவரும் மலாய் பேசினர். வாலஸ் அதைக் கற்றுக்கொண்டார். அத்துடன் நில்லாமல், சென்ற தீவுகளிலெல்லாம் அவ்வூர்ச் சொற்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஆயினும் அயலார் கண்ணுக்கு எல்லை உண்டு. சிங்கப்பூர்க் கடைவீதியில் ‘கிளிங்’ என மலாய் மக்கள் அழைத்த நம்மவரைக் கண்டு எழுதிய வாலஸ், அவர்களை மேற்கிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று குறித்துவிட்டார். வண்டுகளின் கொம்பை அளந்து பார்த்தவருக்குச் சோழமண்டலக் கரை எந்தப் பக்கம் என்பது தெரியாமல் போயிற்று!

காற்றை நம்பிய பயணம்

1856 டிசம்பரில், செலிபீஸ் தீவின் மக்காசர் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்மரக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ ஆயிரம் மைல் கிழக்கேயுள்ள ஆரு தீவுகளுக்கு வாலஸ் சென்றார். மேற்குப் பருவக்காற்று வீசும்போது போக வேண்டும். ஆறு மாதம் காத்திருந்து கிழக்குப் பருவக்காற்று வீசும்போது திரும்ப வேண்டும். நடுவில் மனம் மாறினாலும் வழியில்லை. அங்கே டோபோ என்னும் வணிகக் குடியிருப்பில் பல இனத்து வியாபாரிகள் கூடியிருந்தனர். காவலர் இல்லை; நீதிமன்றம் இல்லை; ஆயினும் மக்கள் ஒருவரையொருவர் கொல்லாமலும் கொள்ளையடிக்காமலும் வாழ்ந்தனர் என்று அவர் வியந்து எழுதுகிறார்.

சொர்க்கப் பறவையை அதன் சொந்தக் காட்டில் கண்டது அங்கேதான். ஆனால் பூச்சிக் கடியால் கால்கள் புண்ணாகி, பல நாட்கள் நடக்கவே முடியாமல் குடிசைக்குள் கிடந்தார். வெளியே அரிய பறவைகள் பறந்துகொண்டிருக்க, அவர் உள்ளே கிடந்தார்.

1860-இல் வைகியோத் தீவுக்குச் சொந்தப் படகில் சென்ற பயணம் இன்னும் மோசம். முதலில் அமர்த்திய படகோட்டிகள் ஓடிவிட்டனர். ஆட்கள் இருவர் ஆளில்லாத் தீவில் சிக்கி ஒரு மாதம் தவித்தனர். படகு பத்து முறை பவளப்பாறையில் தட்டியது. நான்கு நங்கூரங்கள் போயின. பாயை எலி தின்றது. பன்னிரண்டு நாளில் முடிய வேண்டிய திரும்பு பயணத்திற்கு முப்பத்தெட்டு நாட்களாயின. இவற்றையெல்லாம் அவர் கடைக்காரர் கணக்குப்போல வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்.

காய்ச்சலில் பிறந்த கருத்து

1858 ஜனவரியில் மொலுக்கஸ் தீவுகளில் ஒன்றான தெர்னாத்தேக்கு வாலஸ் வந்தார். அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். பிப்ரவரியில் முறைக்காய்ச்சல் அவரைப் பிடித்தது. வெளியே 88 பாகை பாரன்ஹீட் வெப்பம்; அவரோ கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கினார். எழுந்து வேலை செய்ய முடியாத அந்த நேரத்தில், முன்பு படித்த மால்தஸின் மக்கட்தொகை நூல் நினைவுக்கு வந்தது. பிறக்கும் உயிர்களில் மிகப் பல மடிந்துபோகச் சில மட்டும் ஏன் பிழைக்கின்றன? சூழலுக்கு மிக ஏற்றவை பிழைக்கின்றன, ஏற்காதவை மடிகின்றன, இவ்வாறே தலைமுறை தலைமுறையாக இனம் மாறுகிறது என்ற விடை அவருக்குப் பளிச்சென்று தோன்றியது. காய்ச்சல் தணிந்ததும் எழுதிமுடித்து டார்வினுக்கு அனுப்பினார்.

இருபது ஆண்டுகளாக அதே கருத்தை மனத்தில் வைத்திருந்த டார்வின், ஜூன் மாதம் அக்கடிதத்தைக் கண்டு திடுக்கிட்டார். 1858 ஜூலை முதல் நாள், லண்டன் லின்னேயன் கழகத்தில் இருவருடைய எழுத்துகளும் சேர்த்துப் படிக்கப்பட்டன. அன்று வாலஸ் எங்கே இருந்தார்? நியூகினித் தீவின் டோரி என்னுமிடத்தில், மழையிலும் ஈயிலும் எறும்பிலும் அல்லாடிக்கொண்டிருந்தார். லண்டனில் நடந்தது அவருக்குத் தெரியாது. அந்தத் தங்கலில் அவருடைய ஆட்கள் அனைவரும் நோயுற்றனர். பூட்டோன் தீவைச் சேர்ந்த ஜுமாத் என்னும் பதினெட்டு வயது இளைஞன் இறந்தே போனான். அவனைப் போர்த்தப் புதுத் துணி கொடுத்ததாக வாலஸ் எழுதுகிறார். அறிவியல் வரலாற்றில் அந்த ஆண்டைக் கொண்டாடும்போது, ஜுமாத்தையும் நினைக்கத்தான் வேண்டும்.

முறைக்காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. அதை ரொனால்டு ராஸ் நம் நாட்டின் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். வாலஸ் அறிந்த மருந்தெல்லாம் கொயினா ஒன்றே.

பதினைந்து மைல் கடல்

பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையிலுள்ள கடல் 15 மைல் அகலம் என்று வாலஸ் குறித்தார். 1856-இல் அதைக் கடந்தபோது பறவைகளே மாறிவிட்டதைக் கண்டார். பாலியில் மரங்கொத்தியும் குக்குறுவானும் இருந்தன. ஆசியாவின் பறவைகள் அவை. லொம்போக்கில் வெள்ளைக் காக்கட்டூக் கிளி இருந்தது. மண்மேட்டில் முட்டையைப் புதைத்து, அச்சூட்டிலேயே பொரிக்கவிடும் கோழியினமும் இருந்தது. அவையோ ஆஸ்திரேலியாவின் சாயல்.

காரணம் கடலின் ஆழம். பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சுமத்திரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆகியவை ஆசியாவோடு ஒரே நிலமாக இணைந்திருந்தன. ஆனால் லொம்போக் நீரிணை 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அது ஒருபோதும் வற்றவில்லை. ஆகவே இக்கரை விலங்குகள் அக்கரை செல்லவில்லை. ஹக்ஸ்லி என்னும் அறிஞர் 1868-இல் இந்த எல்லைக்கு ‘வாலஸ் கோடு’ என்று பெயரிட்டார். அறையில் அமர்ந்து உலகப் படத்தைப் பார்த்திருந்தால் இக்கோடு புலப்பட்டிருக்குமா? ஒவ்வொரு பறவைக்கும் எந்தத் தீவு என்று சீட்டுக் கட்டிவைத்த அந்தச் சலியாத வேலையே இதைக் காட்டிக் கொடுத்தது.

அலி என்னும் இளைஞர்

எட்டு ஆண்டுகளில் வாலஸ் 14,000 மைல் பயணம் செய்தார். அவர் சேர்த்தவை 1,25,660. அவற்றில் 83,200 வண்டுகள், 13,100 வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும், 8,050 பறவைகள். இவ்வளவையும் ஒருவரே சேர்த்திருக்க முடியுமா?

சரவாக்கில் 1855-இல் அலி என்னும் மலாய்ச் சிறுவரை வாலஸ் சமையலுக்கு அமர்த்தினார். அலி விரைவிலேயே துப்பாக்கி சுடவும், பறவையின் தோலைச் சேதமின்றி உரிக்கவும் கற்றுக்கொண்டார். படகு செலுத்தினார், வாலஸ் நோயுற்றபோது பணிவிடை செய்தார், புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். பறவைகளில் பெரும்பகுதியைச் சேர்த்தவர் அலிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். 1858 அக்டோபரில் பச்சான் தீவில், ஒருநாள் வேட்டையிலிருந்து திரும்பிய அலியின் இடுப்பில் சில பறவைகள் தொங்கின. அவற்றுள் ஒன்று, மார்பில் பச்சைப் பட்டு மின்ன, ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டு நீண்ட வெள்ளை இறகுகள் நீட்டிக்கொண்டிருந்த விசித்திரப் பறவை. அறிவியல் அதுவரை அறியாத புதுவகைச் சொர்க்கப் பறவை அது. அதற்கு இடப்பட்ட பெயர் ‘செமியோப்டிரா வாலசி’. கண்டெடுத்தவர் அலி, பெயரோ வாலஸுக்கு.

வாலஸ் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலி கொண்டுவந்த கதையை அவர் நூலிலேயே எழுதியிருக்கிறார். 1862-இல் சிங்கப்பூரில் பிரியும்போது அலிக்குப் பணமும் இரண்டு துப்பாக்கிகளும் பிறவும் கொடுத்தார். புகைப்படமும் எடுக்கச் செய்தார். 1905-இல் தம் வாழ்க்கை வரலாற்றில் அப்படத்தை வெளியிட்டார். 1907-இல் தாமஸ் பார்பர் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர் தெர்னாத்தேயில் ஒரு முதியவரைச் சந்தித்தார். அம்முதியவர் தம் பெயரை ‘அலி வாலஸ்’ என்று சொன்னாராம்.

வனும்பாய்ப் பெரியவர்

ஆரு தீவின் உட்பகுதியில் வனும்பாய் என்னும் சிற்றூரில் வாலஸ் தங்கியிருந்தபோது, ஒரு முதியவர் அவருடைய நாட்டின் பெயரைக் கேட்டார். வாலஸ் சொன்னார். அந்தப் பெயர் முதியவரின் வாயில் நுழையவில்லை. இப்படியும் ஒரு நாட்டுக்குப் பெயர் இருக்குமா, வனும்பாய் என்றால் எவரும் சொல்லலாமே, உண்மைப் பெயரை ஏன் மறைக்கிறாய் என்று அவர் கோபித்துக்கொண்டார். இவ்வளவு பறவைகளையும் பூச்சிகளையும் எதற்காகக் கொண்டுபோகிறாய் என்றும் கேட்டார். எங்கள் ஊரில் மக்கள் பார்ப்பதற்காக என்றபோது அவர் நம்பவில்லை. கடலுக்குள் சென்றதும் இவற்றுக்கெல்லாம் மீண்டும் உயிர் வரும் என்பது அவ்வூரார் முடிவு.

இதைப் படித்து முதலில் நான் சிரித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தால் அந்தப் பெரியவரின் கேள்வி நியாயமானது. தன் காட்டிலிருந்து ஒருவர் பெட்டி பெட்டியாக எடுத்துப் போகும்போது, எங்கே, எதற்கு என்று கேட்பது அறியாமை ஆகாது. இன்று எந்த நாட்டிலும் ஆராய்ச்சியாளர்களிடம் கேட்கப்படும் கேள்வியும் அதுதான். வாலஸும் தம் நூலின் கடைசிப் பக்கங்களில், இம்மக்களின் சமூக ஒழுக்கத்தோடு ஒப்பிட்டால் நாகரிகம் பேசும் தம் நாடு பின்தங்கியே இருக்கிறது என்று எழுதி முடித்தார். அதே நூலில் டச்சு ஆட்சியைப் புகழ்ந்தவரும் அவர்தான். ஒரு மனிதருக்குள் இரண்டும் இருந்தன.

பட்டம் பெறாத வாலஸுக்குப் பிற்காலத்தில் டப்ளினும் ஆக்ஸ்போர்டும் மதிப்புறு பட்டங்கள் வழங்கின. 1913-இல் தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் கட்டிய சிறிய வட்டச் சீட்டுகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

எங்கள் துறை அருங்காட்சியகத்திலும் பழைய பூச்சிப் பெட்டிகள் உள்ளன. ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரிகள்: இடம், நாள், சேகரித்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். எந்தப் பூச்சி எந்தச் செடியை நாடும், எந்த மழைக்குப் பின் ஈசல் புறப்படும் என்பனவற்றை என் பாட்டனார் எழுத்தறியாமலே அறிந்திருந்தார். அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு மாணவர் வீட்டிலும் இருக்கிறார்கள். நாளை நாம் களப்பணிக்குச் செல்லும்போது வழிகாட்டுபவர்களும் அவர்களே. மாணவ நண்பர்களே! அந்த மூன்றாவது வரியை எழுதும்போது நம் பெயரோடு, காட்டிக் கொடுத்தவர் பெயரையும் எழுதுவோம். சீட்டில் இடம் இருக்கிறது.